வெயிலை ஜெயிக்க வீரம் போதாது... 14 நாள் வேணும்! - அமெரிக்க ஃபுட்பால் முகாம்கள் கற்ற பாடம்

2001-ம் ஆண்டு, ஜூலை 30. அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மின்னசோட்டா மாநிலம். வருடத்தில் பல மாதங்கள் பனி மூடிக்கிடக்கும் ஊர். அங்கே மான்கேட்டோ என்ற சின்ன நகரத்தில் 'மின்னசோட்டா வைக்கிங்ஸ்' அணியின் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தது.

அணியின் முக்கியமான வீரர் கோரி ஸ்ட்ரிங்கர். வயது 27. உயரம் 6 அடி 4 அங்குலம், எடை சுமார் 152 கிலோ. அன்றைய பயிற்சியை அவரால் முடிக்க முடியவில்லை. மறுநாள் காலை பத்திரிகையில், மூச்சு வாங்க அவர் குனிந்து நிற்கும் படம் வெளியானது. ஒரு தொழில்முறை வீரருக்கு அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும்!

ஜூலை 31-ம் தேதி மறுபடியும் களத்தில் இறங்கினார். வெயிலும் புழுக்கமும் முந்தைய நாளைவிட மோசம். நடுவில் வாந்தி எடுத்தார். ஆனாலும் நிறுத்தவில்லை. பயிற்சியை முழுசாக முடித்தார். முடித்த பிறகுதான் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவர் உடலின் வெப்பம் 108.8 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது, 42.7 டிகிரி செல்சியஸ். ஆகஸ்ட் 1, விடிவதற்கு முன்பே உயிர் பிரிந்துவிட்டது.

'அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு பயிற்சி... வெயில்ல எப்படிங்க சாவாங்க?' அன்றைக்கு அமெரிக்காவே கேட்ட கேள்வி இது. இதற்கான பதில் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமல்ல, வெயிலில் இறங்கி உடம்பை வருத்துகிற எல்லோருக்கும் தேவை.

அது என்ன முகாம்?

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸி, ரொனால்டோ நினைவுக்கு வரலாம். இது அந்த ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட, எதிரணியினர் மோதித் தள்ளும் அமெரிக்கன் ஃபுட்பால். தலையில் ஹெல்மெட், தோளில் பெரிய பேட், தொடையிலும் முட்டியிலும் பேட் என்று கவசம் மாட்டிக்கொண்டு ஆடுவார்கள். இதன் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல்.

செப்டம்பரில் சீஸன் தொடங்கும். அதற்காக ஜூலை கடைசியிலேயே ட்ரெய்னிங் கேம்ப் ஆரம்பித்துவிடும். அங்கே கோடையின் உச்சம் அதுதான். ஒரு அணியின் முகாமுக்கு 90 பேர் வரை வருவார்கள். சீஸன் தொடங்கும்போது 53 பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 'தலை சுத்துது கோச்' என்று எவன் வாயைத் திறப்பான்?

இதற்குப் பின்னால் ஒரு பழைய நம்பிக்கையும் இருந்தது. 1954-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி அணியை, அதன் பயிற்சியாளர் பால் 'பேர்' பிரயன்ட், ஜங்ஷன் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். கடும் வறட்சி. பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. பத்து நாள் முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓடிப்போனார்கள். ஒரு வீரர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்து உயிர் பிழைத்தார். இரண்டு வருடம் கழித்து அந்த அணி தன் பிரிவில் சாம்பியன் ஆனது. உடனே, 'பார்த்தீங்களா, காய்ச்சி எடுத்தாதான் இரும்பு உறுதியாகும்' என்று கதை பரவியது. தண்ணீர் கேட்பவன் கோழை என்ற எண்ணம் பல மைதானங்களில் வேரூன்றியது. அந்தப் பத்து நாளுக்குப் பிறகு வந்த சீஸனில் அதே அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்தது என்பதை மட்டும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

உடம்புக்குள்ளே நடப்பது என்ன?

தசைகள் வேலை செய்யும்போது செலவாகும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை ரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. அங்கே வியர்வை சுரக்கிறது. அந்த வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. கவனியுங்கள், வியர்த்தால் மட்டும் போதாது. அது காய வேண்டும். புழுக்கமான நாளில் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் போகும், சூடு போகாது.

இதில் ஹெல்மெட்டும் பேடும் வேறு தோலை மூடிவிடுகின்றன. ஸ்ட்ரிங்கர் மாதிரி லைன்மேன்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். எதிரணியை மறித்துச் சுவர்போல நிற்பவர்கள் இவர்கள். எடை கூடக் கூட உற்பத்தியாகும் சூடு அதிகமாகிறது. ஆனால் அந்த எடைக்கு ஈடாகத் தோலின் பரப்பு கூடுவதில்லை. பெரிய அண்டாவில் வைத்த சாதம் ஆற நேரமாகும், தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும் இல்லையா? அதே கணக்குதான்.

உடலுக்குள் வெப்பம் சுமார் 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாற ஆரம்பித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உளறல், காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், மயக்கம் எல்லாம் அடையாளங்கள். 'வியர்வை நின்னு உடம்பு வறண்டுபோனாதான் ஹீட் ஸ்ட்ரோக்' என்று பலர் நினைக்கிறார்கள். உடலுழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆள் வியர்வையில் நனைந்தே இருக்கலாம்.

இரண்டு வாரத்தில் மாறும் உடம்பு

நல்ல செய்தி என்னவென்றால், நம் உடம்பு வெயிலுக்குப் பழகக்கூடியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் உழைத்தால், 10 முதல் 14 நாள்களில் உள்ளுக்குள் பெரிய மாற்றமே நடந்துவிடும்.

முதல் சில நாள்களில் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா அதிகமாகிறது. இதனால் தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயத்துக்குச் சுலபமாகிறது. அதே வேலையைச் செய்யும்போது முன்பைவிட நாடித்துடிப்பு குறைவாக இருக்கும்.

அடுத்து வியர்வை. முன்பைவிடச் சீக்கிரம் சுரக்கும், அதிகமாகவும் சுரக்கும். ஆனால், அதில் உப்பு குறைவாக இருக்கும். உப்பை வீணாக்காமல் பிடித்து வைத்துக்கொள்ள உடம்பு கற்றுக்கொள்கிறது. இரண்டு வார முடிவில், முதல் நாள் ஆளைச் சாய்த்த அதே பயிற்சி, 'பரவாயில்லையே' என்று சொல்லும்படி ஆகிவிடும்.

இந்த மாற்றங்கள் எதுவும் முதல் நாளில் நடக்காது. ஆபத்து அங்கேதான். ஏசி ஜிம்மில் மாதக்கணக்கில் எடை தூக்கியவருக்கும், முதல் நாள் வெயில் புதுசுதான். உடல்தகுதி உதவும், ஆனால் வெயில் பழக்கத்துக்கு அது ஈடாகாது. இன்னொன்று, வெயிலை விட்டு விலகினால் இந்தப் பழக்கம் படிப்படியாகக் குறைந்து, மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் போய்விடும். போன வருடம் தாங்கினோம் என்பது இந்த வருடத்துக்குச் செல்லாது.

விதிகள் மாறின

ஸ்ட்ரிங்கர் இறந்து இரண்டு வருடத்தில், 2003-ல், கல்லூரி ஃபுட்பாலை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ அமைப்பு ஐந்து நாள் விதியைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும். அடுத்த இரண்டு நாள் ஹெல்மெட்டும் தோள் பேடும். ஐந்தாவது நாள்தான் முழுக் கவசம்.

தொழில்முறை லீக்கில் வீரர் சங்கத்துக்கும் அணிகளுக்கும் இடையே 2011-ல் ஏற்பட்ட ஒப்பந்தம், ஒரே நாளில் இரண்டு முறை முழுக் கவசத்தோடு பயிற்சி தரும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. 2020 ஒப்பந்தத்தில், முகாமின் தொடக்க நாள்கள் உடலைப் பழக்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டன. கவசம் இல்லாமல் குறைந்த நேரப் பயிற்சியில் ஆரம்பித்து, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.

வெயிலை அளப்பதும் மாறியது. வெறும் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், 'வெட் பல்ப் குளோப்' வெப்பநிலையைப் பார்க்கிறார்கள். இதில் ஈரப்பதத்தைக் காட்டும் அளவுக்கு 70 சதவிகிதம், நேரடி வெயிலுக்கு 20 சதவிகிதம், காற்றின் சூட்டுக்கு 10 சதவிகிதம் மதிப்பு. புழுக்கம்தான் பெரிய எதிரி என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. 1950-களில் அமெரிக்க மரைன் படையின் பயிற்சி முகாம்களில் வெயிலால் வீரர்கள் விழுந்ததைத் தொடர்ந்து உருவான அளவுகோல் இது.

ஸ்ட்ரிங்கரின் மனைவி கெல்சி, லீக் மீது தொடுத்த வழக்கு 2009-ல் சமரசத்தில் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 'கோரி ஸ்ட்ரிங்கர் இன்ஸ்டிட்யூட்' தொடங்கப்பட்டது. அதை வழிநடத்தும் டக்ளஸ் காசா, 1985-ல் பள்ளி மாணவனாக 10 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் ஓடும்போது ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்து பிழைத்தவர். பிழைத்த கதையையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார்.

முதலில் குளிர்ச்சி... அப்புறம்தான் ஆம்புலன்ஸ் பயணம்!

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருவர் விழுந்துவிட்டால்? இன்றைய மருத்துவத்தின் தெளிவான பதில் இது: இருக்கும் இடத்திலேயே குளிர்விக்க ஆரம்பியுங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள்; ஆனால் அது வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள்.

கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவதுதான் சிறந்த வழி. ஐந்து நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பம் இறங்கும். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். மாசசூசெட்ஸில் நடக்கும் ஃபால்மத் ஓட்டப் பந்தயத்தில், 18 வருடங்களில் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்த 274 பேருக்கு இப்படிச் சிகிச்சை தந்தார்கள். 274 பேருமே பிழைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2018 மே மாதம், மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியில் 19 வயது ஜோர்டன் மெக்நேர், தொடர் ஓட்டப் பயிற்சியின்போது சரிந்தார். அவரை ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை. இரண்டு வாரம் போராடி இறந்துபோனார். தவறு நடந்ததைப் பல்கலைக்கழகத் தலைவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

தொட்டி இல்லையா? ஒரு தார்ப்பாய் போதும். ஆளை அதில் படுக்கவைத்து, நான்கு பக்கமும் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரையும் ஐஸையும் கொட்டி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். மைதானங்களில் இன்று இதையும் கற்றுத்தருகிறார்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

நமக்கு என்ன பாடம்?

'நாங்க வெயில்லயே பொறந்து வளர்ந்தவங்க' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், ஏசி அறையில் தூங்கி, ஏசி ஆபீஸில் உட்கார்ந்து, திடீரென ஒருநாள் ஓடக் கிளம்பினால், நம் உடம்பும் முதல் நாள் உடம்புதான். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கோச்சிங் கேம்ப்பில் சேர்க்கும்போதும் இதேதான்.

* முதல் வாரம் பாதி நேரம், பாதி வேகம். பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுங்கள்.
* நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பினால், மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.
* காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இருந்தால் அன்று பயிற்சிக்கு லீவு.
* தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க எப்போதும் அனுமதி வேண்டும். அதேநேரம், வயிறு முட்ட லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.
* தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கும் பயிற்சியாளரிடம், தயங்காமல் பேசுங்கள்.
* ஐஸ், தண்ணீர், தொட்டி அல்லது தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

ஸ்ட்ரிங்கர் அணிந்த 77-ம் எண் ஜெர்சியை வைக்கிங்ஸ் அணி அதன் பிறகு யாருக்கும் தரவில்லை. அவருக்குப் பிறகு என்.எஃப்.எல் முகாம்களில் ஹீட் ஸ்ட்ரோக்கால் வேறு வீரர் யாரும் இறக்கவும் இல்லை. அந்த வீரர்கள் வெயிலைவிடப் பலசாலி ஆகிவிட்டதால் இது நடக்கவில்லை. உடம்பு கேட்ட அவகாசத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். உங்கள் பிள்ளை மைதானத்தில் ஒருநாள், 'முடியலப்பா' என்று சொன்னால், 'இதுக்கே இப்படியா?' என்று கேட்காதீர்கள். நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.