நேர்முகப் பரீட்சைக்குப் போகுமுன்...

“பின்வரும் ஆவணங்களுடன் நேர்முகப் பரீட்சைக்குச் சமுகமளிக்கவும்” என்றொரு கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டால் உம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வாப்பாவுக்கோ உடனே வேறொரு யோசனை. “அந்தத் திணைக்களத்தில் நமக்குத் தெரிந்தவர் யார்? எந்த அரசியல்வாதியிடம் ஒரு கடிதம் எடுக்கலாம்?” எஞ்சியிருக்கும் பத்து நாட்களும் இந்த அலைச்சலிலேயே கழிந்துவிடுகின்றன. பிள்ளையின் சான்றிதழ்களை மட்டும் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

சிபாரிசினால் தொழில் பெற்றவர்களே இந்த நாட்டில் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால், செல்வாக்கைப் பயன்படுத்த முனைவது விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதிய காரணமாகும் என்று பல வெற்றிட அறிவித்தல்களின் அடியிலேயே எழுதியிருக்கிறார்கள். அதுமட்டுமல்ல, தேவையான சான்றிதழ் ஒன்று குறைந்தால் எவருடைய கடிதமும் அதற்கு ஈடாகாது. நேர்முகப் பரீட்சை சில நிமிடங்களில் முடிந்துவிடலாம். அதற்கான தயாரிப்பு வீட்டில்தான் நடக்க வேண்டும்.

எந்த வகைப் பரீட்சை?

அரச சேவையில் நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் இரு வகைப்படும். பொது நேர்முகப் பரீட்சையில் புள்ளி வழங்கப்படுவதில்லை. போட்டிப் பரீட்சையில் தெரிவானவரின் வயது, கல்வித் தகைமை, அடையாளம் என்பன விண்ணப்பத்தில் கூறியபடியே உள்ளனவா என்று பரிசீலிப்பதே அதன் நோக்கம். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை அப்படியல்ல. மேலதிகக் கல்வி, அனுபவம், மொழித் தேர்ச்சி, கணனி அறிவு, நேர்முகத்தில் காட்டும் திறமை போன்றவற்றுக்கு இத்தனை புள்ளிகள் என்று முன்கூட்டியே திட்டம் வகுக்கப்பட்டிருக்கும்.

ஆகவே, வர்த்தமானி அறிவித்தலை மீண்டும் ஒருமுறை ஆறுதலாக வாசியுங்கள். எந்தத் திகதியில் தகைமைகள் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். வழக்கமாக அது விண்ணப்ப முடிவுத் திகதியாக இருக்கும். அதற்குப் பிறகு பெற்ற டிப்ளோமா எவ்வளவு பெறுமதியானதாயினும் அந்தப் பதவிக்கு உதவாமற் போகலாம்.

ஒரே ஆள், மூன்று பெயர்!

நம்மவர்கள் அதிகம் சங்கடப்படுவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ‘முகம்மது’, பாடசாலை இடாப்பில் ‘மொஹமட்’, அடையாள அட்டையில் ‘முஹம்மத்’. ஒன்றில் வாப்பாவின் பெயர் முழுமையாக. மற்றொன்றில் முதலெழுத்து மட்டும். மகளின் பெயருக்கு முன்னால் ஒரு சான்றிதழில் ‘பாத்திமா’ இருக்கும், இன்னொன்றில் இருக்காது. வீட்டில் உள்ளவர்களுக்கு இது ஒரு பொருட்டேயல்ல. மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரிக்கோ இவை மூன்று வேறு ஆட்களின் பத்திரங்களாகத் தோன்றலாம்.

சிறிய வித்தியாசமாயின், இவையனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து எடுத்துச் செல்லலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் பதிவாளர் மூலம் திருத்த வேண்டியிருக்கும். அதற்குக் காலம் எடுக்கும். பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே இதைப் பார்த்துவிடும் பெற்றோர் பின்னர் ஓடித்திரிய வேண்டியதில்லை.

மூலப் பிரதிகளையும் நிழற்பிரதிகளையும் கடிதத்தில் கேட்டிருக்கும் அதே ஒழுங்கில் அடுக்குங்கள். அனுபவச் சான்றிதழில் பதவியின் பெயரும், தொடங்கிய திகதியும், முடிந்த திகதியும் இருக்கட்டும். “நல்ல பிள்ளை, திறமையாக வேலை செய்தார்” என்று மட்டும் எழுதிய கடிதத்துக்குப் புள்ளி போட முடியாது.

அறைக்குள்ளே

விண்ணப்பித்த பதவியில் என்ன வேலை என்று கேட்டால் விழிப்பவர்கள் உண்டு. முகாமைத்துவ உதவியாளர் என்றால் வரும் கடிதங்களைப் பதிவது, கோவைகளைப் பேணுவது, லீவு இடாப்பு, சம்பளப் பட்டியல், களஞ்சியம் என்று வேலைகள் பல. தாபன விதிக்கோவை எதைப் பற்றியது, நிதிப் பிரமாணங்கள் எதற்கு என்றாவது அறிந்து செல்லுங்கள். அருகிலுள்ள பிரதேச செயலகத்தில் பணிபுரியும் ஒருவரிடம் அரை மணித்தியாலம் பேசினாலே போதும். நிறையத் தெளிவு கிடைக்கும்.

“மூன்று மாதமாக என் கோவை நகரவில்லை என்று ஒருவர் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள்?” இப்படியும் கேட்கலாம். “பொறுமையாக இருப்பேன்” என்பது பாதிப் பதில்தான். அவரை அமரச் செய்து, கோவை எந்த மேசையில் உள்ளது என்று பார்த்து, என்ன பத்திரம் குறைகிறது என்பதைச் சொல்வேன்; என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாயின் மேலதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுவருவேன்; நிறைவேற்ற முடியாத வாக்குறுதி கொடுக்கமாட்டேன். இப்படிச் சொல்பவருக்கு அலுவலக வேலை புரிந்திருக்கிறது என்பது சபைக்கு விளங்கிவிடும். தெரியாததைத் தெரியாது என்று பணிவாகச் சொல்லிவிடுவது ஊகித்துச் சொல்வதைவிட மேல்.

மொழி பற்றிய பயம் வேறு. 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அரச சேவையில் சேர்வதற்கான பரீட்சைக்குத் தமிழில் தோற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அதே உறுப்புரை, சேவையில் சேர்ந்தபின் நியாயமான காலத்துக்குள் சிங்களத்தையும் போதியளவு கற்குமாறு கேட்கப்படலாம் என்றும் சொல்கிறது. எனவே கேள்வி விளங்காவிட்டால் தமிழில் கேட்குமாறு தயங்காமல் வேண்டுங்கள். சிங்களம் கற்பதையும் இன்றே தொடங்குங்கள்.

பெண் பிள்ளை என்றால்...

முகாமைத்துவ உதவியாளர் சேவை நாடளாவிய சேவை, இடமாற்றம் உண்டு. “தூர இடத்துக்கு நியமனம் கிடைத்தால் போவீர்களா?” என்ற கேள்வி நிச்சயம் எதிர்பார்க்க வேண்டியது. மகள் “போவேன்” என்று சொல்லிவிட்டு வருகிறாள். நியமனக் கடிதம் கையில் கிடைத்த பிறகுதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது. அவ்வளவு தூரமா, எங்கே தங்குவது, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? ஈற்றில் கடிதம் அலுமாரிக்குள் போய்விடுகிறது. அவள் பல வருடம் படித்த படிப்பும் அதனோடு போகிறது. இந்தப் பேச்சை நேர்முகப் பரீட்சைக்கு முன்பே உம்மாவும் வாப்பாவும் மகளுடன் உட்கார்ந்து பேசி முடிப்பதல்லவா நியாயம்? எங்கே தங்கலாம், யார் வீடு இருக்கிறது, எத்தனை காலம் சமாளிக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டால் அவள் அறைக்குள் சொல்லும் பதிலில் உறுதி இருக்கும். திருமணத்துக்குப் பிறகு வேலையை விடுவீர்களா என்று தனியார் நிறுவனங்களில் கேட்டாலும் அதே உறுதியுடன் பதில் சொல்வாள்.

தெரிவாகாவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பெற்ற புள்ளிகளை அறிய விரும்பினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். எதில் குறைந்தது என்று தெரிந்தால் அடுத்த முறை அதைச் சரிசெய்யலாம்.

பெற்றோரே! பிள்ளையோடு வாசல் வரை போங்கள். ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்து, துஆச் செய்து உள்ளே அனுப்புங்கள். ஆனால், அவர்களின் கையில் கொடுத்தனுப்ப வேண்டியது யாரோ ஒருவரின் கடிதமல்ல, ஒழுங்காக அடுக்கிய சான்றிதழ்க் கோவைதான்.