மொட்டை மாடி ஏ.சி.யில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

தவறான தகவலைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் தவறான விடையைத்தான் தரும். அமெரிக்கக் கடைகளின் மொட்டை மாடியில் உள்ள பெரிய ஏ.சி.க்களிலும் இதே கதைதான்.

இவற்றில் பலவற்றில் எக்கனமைசர் என்ற அமைப்பு உண்டு. வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்தால், டேம்ப்பர் என்னும் கதவைத் திறந்து அந்தக் காற்றையே உள்ளே அனுப்பும். கம்ப்ரசருக்கு வேலை குறையும், மின்சாரம் மிச்சம். வெளியே எத்தனை டிகிரி என்று சென்சார் சொல்ல, கன்ட்ரோலர் முடிவெடுக்கும். கலிபோர்னிய விதிகளின்படி இதற்கான வரம்பு, ஊரைப் பொறுத்து 69 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட்.

சென்சார் வெயிலில் சூடான தகட்டை ஒட்டி இருந்தால்? 65 டிகிரி காற்றை 80 என்று சொல்லலாம். கதவு திறக்காது. கம்ப்ரசர் ஓடி அறையைக் குளிர்விப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கரன்ட் பில் மட்டும் ஏறும்!

எனவே சென்சாரை வெயில் படாமல், வெளிக்காற்று நுழையும் பாதையில் பொருத்த வேண்டும். வரம்பை செட் செய்தபின், அது காட்டும் அளவைத் தெர்மாமீட்டருடன் ஒப்பிட்டு, குளிர்ந்த வேளையில் கதவு திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இத்தகைய பழுதைக் கன்ட்ரோலரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய ஏ.சி.க்களுக்கு 2014 முதல் அங்கே விதி.

புரோகிராம் எவ்வளவு சரியாக இருந்தாலும், முதலில் இன்புட்டைச் சோதியுங்கள்.