லேப்டாப்பில் இடமில்லையா? வெளி ஹார்ட் டிஸ்க் பற்றித் தெரிந்துகொள்வோம்



போன மாதம் ஒரு குழுவின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தோம். அந்தக் குழு ஊக்குநர் சேமிப்பு, உள்கடன் விவரங்களை நோட்டில் எழுதுவதோடு, மகனின் லேப்டாப்பிலும் ஏற்றி வைப்பார். அன்று திறந்து பார்த்தால் கணக்கு ஃபோல்டரையே காணோம். "கேம் போட இடம் பத்தலைக்கா. ஏதோ பழசுன்னு நெனச்சு அழிச்சுட்டேன்" என்றான் தம்பி, தலையைக் குனிந்துகொண்டு. நல்லவேளை, பேரேடும் ரொக்கப் புத்தகமும் கையில் இருந்தன. இரண்டு வருடக் கணக்கை மறுபடி ஏற்ற நாலு நாள் ஆனது.

அதே கூட்டத்தில் அந்தச் சகோதரி, "புது லேப்டாப் வாங்க 40,000 ரூபாய் கடன் வேணும்" என்று கேட்டார். லேப்டாப் நன்றாகத்தான் ஓடியது. இடம்தான் இல்லை. இதற்கு 40,000 ரூபாய் கடன் தேவையா? அதைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறோம்.

இடம் ஏன் நிரம்புகிறது?

இப்போதைய விளையாட்டுகள் மிகப் பெரியவை. ஜி.டி.ஏ. 5 என்ற ஒரு விளையாட்டுக்கே 70 ஜி.பி.க்கு மேல் இடம் வேண்டும். 256 ஜி.பி. உள்ள லேப்டாப்பில் இதுபோல இரண்டு மூன்று போட்டாலே பாடம், போட்டோ, குழுக் கணக்கு எதற்கும் இடமிருக்காது.

இதற்கு வழிதான் வெளி ஹார்ட் டிஸ்க். கையடக்கமான பெட்டி. வயர் வழியாக லேப்டாப்பில் செருகினால் போதும். விளையாட்டுகளை அதிலேயே ஏற்றி, அதிலிருந்தே விளையாடலாம். புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது?

வீட்டில் நெல் வைக்க இடமில்லை என்றால் இன்னொரு குதிர் வைக்கிறோம். குதிர் வைத்ததால் சோறு சீக்கிரம் வேகுமா? வேகாது. அதற்கு அடுப்பு நன்றாக எரியணும். வெளி ஹார்ட் டிஸ்க்கும் அந்தக் குதிர் மாதிரிதான். இடம் கிடைக்கும். படம் திக்கித் திக்கி ஓடுவதை அது சரி செய்யாது. அதற்கு ராம், பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் போதுமானதாக இருக்க வேண்டும். "டிஸ்க் வாங்கினா கேம் வேகமா ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம்.

இரண்டு வகை உண்டு

1. ஹார்ட் டிஸ்க் (எச்.டி.டி.): உள்ளே தட்டு சுழலும். விலை குறைவு, இடம் அதிகம். ஓடும்போது கீழே விழுந்தால் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

2. எஸ்.எஸ்.டி.: சுழலும் பாகம் கிடையாது. வேகம் அதிகம், விலையும் அதிகம். விளையாட்டு திறக்கக் காத்திருக்கும் நேரம் குறையும்.

லேப்டாப்பில் செருகும் துளையும் முக்கியம். பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் 60 ஜி.பி. விளையாட்டை மாற்ற ஏறக்குறைய 25 நிமிடம் ஆகும். யு.எஸ்.பி. 3.0 துளையில் எச்.டி.டி.க்குச் சுமார் 10 நிமிடமும், நல்ல எஸ்.எஸ்.டி.க்கு 3 நிமிடமும் போதும். பல லேப்டாப்களில் 3.0 துளையின் உள்பக்கம் நீல நிறமாக இருக்கும். பழைய துளை மட்டும் இருந்தால், விலை அதிகமான எஸ்.எஸ்.டி. வாங்கியும் முழுப் பலன் இல்லை.

வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும்

* 1 டி.பி. என்று போட்டிருந்தால் விண்டோஸில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். இது ஏமாற்று அல்ல, கணக்கிடும் முறைதான் வேறு.

* சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. என்று விற்றால் வாங்காதீர்கள். அது போலியாகத்தான் இருக்கும். பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

* டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரு ஃபைல் அதில் ஏறாது. என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றணும். ஃபார்மேட் செய்து மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே புதிதாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

* ஏற்கெனவே போட்ட விளையாட்டை வெறுமனே காப்பி செய்தால் பல சமயம் ஓடாது. ஸ்டீம் மூலம் போட்டது என்றால், அதன் ஸ்டோரேஜ் பகுதியிலேயே வேறு டிஸ்க்குக்கு மாற்றும் வசதி இருக்கிறது.

* விளையாடும்போது வயரைப் பிடுங்கக் கூடாது. விளையாட்டை மூடி, 'எஜெக்ட்' கொடுத்த பிறகே எடுக்கணும்.

* திருட்டு கேம்களை இறக்கினால் கூடவே வைரஸும் வரலாம். வங்கி விவரம் உள்ள லேப்டாப்பில் அது பெரிய ஆபத்து.

நம் கணக்கு நம் பொறுப்பு

விளையாட்டு போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். குழுவின் கணக்கு போனால்? யார் எவ்வளவு கட்டினார் என்பதில் சந்தேகம் வந்தால் குழுவே உடைந்துபோகும். ஆகவே விளையாட்டு டிஸ்க்கில் கணக்கை வைக்காதீர்கள். கணக்குக்குத் தனியாக ஒரு பென் டிரைவ் வாங்கி, மாதக் கூட்டம் முடிந்ததும் நகல் எடுத்து, பீரோவில் பூட்டி வையுங்கள். நோட்டில் எழுதுவதை ஒருபோதும் விட வேண்டாம்.

பிள்ளைகளைத் திட்டுவதால் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எது நிறைய இடம் பிடிக்குது, காட்டு" என்று கேளுங்கள். அந்தச் சகோதரி அப்படித்தான் கேட்டார். கடன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சேமிப்பிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். இப்போது கணக்கு நகல் எடுப்பது அந்தத் தம்பியின் வேலை!

உங்கள் குழுக் கணக்கின் நகல் எங்கே இருக்கிறது? அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள் சகோதரிகளே.