எட்டுப் பேருக்கான கூடாரம்

பையின் மீது ‘8 பேர்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நாங்கள் ஆறு பேர். இரண்டு பேருக்கான இடம் மிச்சம் என்ற மகிழ்ச்சியில் ரூ.18,000 கொடுத்து அந்தக் கூடாரத்தை வாங்கினோம். பணிமாறுதலில் புனேவுக்கு வந்த நாள்முதல், பவனா ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் தங்கவேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். வாடகைக் கூடாரங்கள் அங்கே ஏராளம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று பேருக்கானவை. 72 வயதுத் தாயாரை வேறொரு கூடாரத்தில் படுக்கவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே கூரை என்று முடிவாயிற்று.

வாங்கிய பிறகே கணக்குப் பார்த்தோம். வங்கியில் பணிபுரிவோர் இதை ஒப்புக்கொள்வது சற்று வெட்கத்துக்குரியதுதான். நின்று நடமாடும் உயரத்தில் நடுவே ஒரு கூடம்; அதன் இருபுறமும் இரண்டு உள்ளறைகள். ஓர் அறையின் அகலம் 240 செ.மீ. நான்கு பேருக்கு வகுத்தால் தலைக்கு 60 செ.மீ. தோளோடு தோள் ஒட்டி, புரளாமல், பெட்டிகளையெல்லாம் வெளியே வைத்துவிட்டுப் படுத்தால்தான் எட்டுப் பேர். கடன் விண்ணப்பத்தில் தகுதித் தொகை என்பது ஒன்று, மாதந்தோறும் சிரமமின்றிக் கட்டக்கூடிய தொகை என்பது வேறொன்று அல்லவா? அது போலத்தான் இதுவும். ஐவர் தாராளமாக, அறுவர் ஒருவாறு என்பதே இக்கூடாரத்தின் உண்மையான கொள்ளளவு.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறன்று குடியிருப்பின் மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தோம். கான்கிரீட்டில் முளை இறங்காது; ஆகையால் அது பாதி ஒத்திகைதான். எனினும் ரப்பர் குழாயால் நீரைப் பாய்ச்சிப் பார்த்தது நல்லதாயிற்று. துணி நீரைத் தாங்கிக்கொண்டது, ஒரு மூலைத் தையல் தாங்கவில்லை. ‘2,000 மி.மீ.’ என்று துணியைப் பற்றிக் குறித்திருப்பார்கள். இரண்டு மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் வரை நீர் ஊடுருவாது என்று பொருள். அது துணிக்கான அளவு மட்டுமே. ஊசி துளைத்த இடங்களைக் காப்பது உட்புறம் ஒட்டிய நாடாதான். அம்மூலையில் நாடா உரிந்திருந்தது. தையலுக்கான பசையைப் பூசிச் சரிசெய்தோம்.

டிசம்பர் மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு ஏரிக்கரையை அடைந்தோம். ஒரு பக்கம் லோகாகட், மறுபக்கம் திகோனா, தொலைவில் துங் என்று கோட்டைகள் சூழ்ந்த இடம். காட்சியில் மயங்கி, வாயில் ஏரியைப் பார்த்திருக்குமாறு கூடாரத்தை நிறுத்தினோம். அரைமணியில் ஏரிக்காற்று அவ்வாயிலுக்குள் புகுந்து கூடாரத்தை ஊதிப் பெருக்கியது. சிறு கூடாரம் காற்றுக்குக் குனிந்துகொள்ளும். பெரியது பாய்மரம் போல எதிர்த்து நிற்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. தக்காணத்தின் கற்பாங்கான மண்ணில், கூடாரத்துடன் வந்த 24 மெல்லிய முளைகளில் ஏழு வளைந்துபோயின. எல்லாவற்றையும் பிடுங்கி, வாயிலைக் காற்றுக்கு எதிர்த்திசையில் திருப்பி, முகாம் காவலர் கொடுத்த இரும்பு முளைகளை வெளிப்புறம் சாய்த்து அறைந்து, இழுகயிறுகள் அனைத்தையும் கட்டி முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கயிற்றில் கால் தடுக்காதிருக்கத் துணைவியார் வெள்ளைத் துணித்துண்டுகளை முடிந்துவைத்தார்.

இரவு ஒன்றரை மணிக்குத் தாயாரின் குரல் கேட்டது. “தம்பி, முதுகு விறைக்குதுப்பா. போர்வை போதலே.”

தரையில் படுத்து எழ அவருக்குச் சிரமமாகுமே என்று தனியாக ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வந்திருந்தோம். இருந்த போர்வைகளில் மூன்று அவர் மேல்தான் கிடந்தன. தரையில் நுரைப்பாயில் படுத்திருந்த பிள்ளைகளோ நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்குரல் கேட்டுக் காவலர் வந்தார். அறுவடை முடிந்த வயல்களில் பனி இறங்கும் காலம் இது என்றவர், தாம் குளிர்காய்ந்துகொண்டிருந்த கணப்புச்சட்டியையே தூக்கிவந்து, “ஆஜிக்குக் குளிருமே, உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்” என்று நீட்டினார். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. புகை இல்லை, கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளக் கை நீட்டியும் விட்டோம்.

விழித்துக்கொண்ட மகன் டார்ச்சைத் திருப்பியபோது, வாயிலோரம் தைத்திருந்த சிறு துணிச்சீட்டு கண்ணில் பட்டது. தீச்சுவாலையின் மேல் குறுக்குக்கோடு. கீழே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை. புகை ஓய்ந்த கரியிலிருந்தும் அந்த வாயு வெளிவருகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதுமில்லை. மூடிய அறையில் கணப்பு வைத்துப் படுத்தவர்கள் விடியலில் எழாமற்போன செய்திகளை வட மாநிலங்களின் குளிர்காலந்தோறும் நாளிதழ்களில் படித்தவர்கள்தாம் நாங்களும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. காவலருக்கு நன்றி சொல்லிச் சட்டியைத் திறந்தவெளியில் வைக்கச் சொன்னோம். தாயாரைக் காரில் அமர்த்தி, இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் கொடுத்தோம். எஞ்சிய இரவை அவர் காரின் பின்னிருக்கையிலேயே கழித்தார். மைத்துனர் முன்னிருக்கையில் துணையிருந்தார்.

விடிந்ததும் இன்னொரு வியப்பு. கூரையிலிருந்து நீர் சொட்டியது. மழை பெய்ததென்று மகள் நினைத்தாள். மழையில்லை, எங்கள் மூச்சுதான் அது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் வெளிவிடும் ஈரம் ஓரிரவில் ஒரு தம்ளருக்குக் குறையாது. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துவாரங்கள் அனைத்தையும் அடைத்திருந்தோம். வெளியேற வழியற்ற ஈரம் குளிர்ந்த மேலுறையில் படிந்து, போர்வைகள் மேல் விழுந்தது.

கட்டிலின் குற்றமும் பகலில் விளங்கிற்று. உடலின் எடையில் அழுந்திய விரிப்பு வெப்பத்தைப் பிடித்துவைக்காது; கட்டிலின் அடியிலோ குளிர்காற்று தடையின்றி உலவுகிறது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு விறைக்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, பெரிய கூடாரத்தின் உள்ளிருக்கும் அவ்வளவு காற்றையும் சூடேற்ற ஆறு உடல்கள் போதா. தாயாரின் வசதிக்கென்று வாங்கிய இரண்டுமே, அதாவது உயரமான கட்டிலும் விசாலமான கூடாரமும், அவரையே அதிகம் வருத்தியிருந்தன.

திரும்பிவிடலாமா என்று அவரிடம் கேட்டோம். “பசங்க முகத்தைப் பார். இன்னொரு ராத்திரிதானே” என்றார்.

மாவள் வட்டாரம் நெல் விளையும் பூமி. காவலர் தம் வயலிலிருந்து இரண்டு கட்டு வைக்கோல் கொணர்ந்தார். ஓர் அறையின் அடியில் அதைச் சீராகப் பரப்பினோம். அதன் மேல் தரைவிரிப்பு. அதன் ஓரங்களை உள்ளே மடக்கிவிட்டோம். வெளியே நீட்டியிருந்தால் பனிநீரும் மழைநீரும் அதன் வழியே அடியில் சேர்ந்துவிடும். கூடாரத்துக்குள் இரண்டு நுரைப்பாய்கள், பிறகே படுக்கை. தாயாரும் துணைவியாரும் பிள்ளைகள் இருவரும் அந்த ஓர் அறையிலேயே நெருங்கிப் படுத்தார்கள். மற்ற அறை எங்கள் இருவருக்கு. இறுக மூடிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைத் துண்டில் சுற்றித் தாயாரின் காலடியில் வைத்தோம். மேல் துவாரங்கள் எல்லாவற்றையும் திறந்தே விட்டோம். அன்றும் குளிர் குறையவில்லை. ஆனால் அவர் ஆறு மணிவரை உறங்கினார். நாங்கள்தாம் இருமுறை எழுந்துபோய்ப் பார்த்தோம்.

ஞாயிறு காலையில் கூடாரம் காயுமுன்பே சுருட்டவேண்டியதாயிற்று. ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். நீர் புகாப் பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். வீடு திரும்பியதும் மொட்டை மாடிக் கொடியில் மாலைவரை உலர்த்தினோம். கீழ்த்தளத்து அண்டை வீட்டார் பார்த்துவிட்டு, வரும் மாதம் இரவல் கேட்டிருக்கிறார்கள். இரும்பு முளைகள் 24 வாங்கிச் சேர்த்த பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மடக்குக் கட்டில் இப்போது பால்கனியில் இருக்கிறது. தாயார் அதில் வடகம் காயவைக்கிறார்.