வெப்பமண்டலப் பூச்சிச் சூழலியலில் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வு

வெப்பமண்டலக் காடுகளில் வாழும் பூச்சிகளுக்கும், அவற்றின் உணவுத் தாவரங்கள், எதிரிகள், தட்பவெப்பம் ஆகியவற்றுக்கும் இடையே உள்ள உறவுகளை ஆராயும் துறை வெப்பமண்டலப் பூச்சிச் சூழலியல் ஆகும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், நிலையான பணி கிடைக்கும்வரை ஓர் ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட காலத்திற்கு ஊதியம் அல்லது உதவித்தொகை பெற்று மேற்கொள்ளும் ஆய்வே முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வு. பேச்சுவழக்கில் இதைப் 'போஸ்ட்டாக்' என்பர். இதன் காலம் பெரும்பாலும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை.

இத்துறையில் இந்தக் கால அளவே முதல் சிக்கல். ஒப்பந்தம் இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். ஒரு காட்டில் பூச்சிகள் குறைகின்றனவா, கூடுகின்றனவா என்ற கேள்விக்கு விடை காண இரண்டு ஆண்டு போதாது. ஆகவே, நெடுங்காலமாகக் கணக்கெடுப்பு நடந்துவரும் இடங்களைச் சுற்றியே நல்ல ஆய்வு வாய்ப்புகள் அமைகின்றன.

எண்ணிக்கை பற்றிய விவாதம்

1982-இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் வெளியிட்ட மிகச் சிறிய கட்டுரை இத்துறையின் போக்கை மாற்றியது. அவர் பனாமாவில் லூயியா சீமனி என்ற ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விழுந்த வண்டுகளைச் சேகரித்தார். ஏறத்தாழ 1,200 வகை வண்டுகள் கிடைத்தன. அவற்றுள் 163 வகை அந்த மரத்தை மட்டுமே சார்ந்தவை என்று கொண்டு, மற்ற மரங்களுக்கும் அதே கணக்கைப் போட்டு, வெப்பமண்டலங்களில் 3 கோடி வகைக் கணுக்காலிகள் இருக்கலாம் என்றார்.

கணக்கின் பலவீனம் அந்த 163-இல் இருந்தது. ஒரு பூச்சி ஒரே மரத்தை மட்டும் உண்கிறதா என்பதை மரத்தைப் புகைத்துப் பார்த்து அறிய முடியாது. அதை அந்த இலையில் வளர்த்துப் பார்க்க வேண்டும். செக் நாட்டு அறிவியலாளர் வோய்டெக் நொவோட்னியின் குழு பப்புவா நியூகினியில் அதைத்தான் செய்தது. 51 தாவர இனங்களில் 900-க்கும் மேற்பட்ட இலையுண்ணிப் பூச்சி இனங்களை ஆராய்ந்ததில், பெரும்பாலான பூச்சிகள் நெருங்கிய உறவுள்ள பல தாவரங்களைப் பகிர்ந்து உண்பது தெரிந்தது. 2002-இல் வெளியான இந்த ஆய்வு, உலகக் கணுக்காலிகளின் மதிப்பீட்டை 40 முதல் 60 லட்சம் வரை எனக் குறைத்தது.

பின்னர் பனாமாவின் சான் லொரென்சோ காட்டில் ஈவ் பாசே தலைமையில் ஒரு பெருங்குழு தரை முதல் மர உச்சி வரை சேகரிப்பு நடத்தியது. மொத்தம் 0.48 ஹெக்டேர் பரப்பில் 6,144 இனங்கள் கிடைத்தன. 6,000 ஹெக்டேர் கொண்ட அந்தக் காட்டில் ஏறத்தாழ 25,000 இனங்கள் இருக்கும் என 2012-இல் மதிப்பிடப்பட்டது.

குறைகின்றனவா?

இன்று கூடுதல் கவனம் பெறும் கேள்வி இது. போர்ட்டோ ரிக்கோவின் லுகியோ மழைக்காட்டில் 1970களில் பூச்சிகளை அளந்த பிராட்ஃபோர்டு லிஸ்டர், 2010களில் திரும்பச் சென்று அளந்து, பூச்சிகளின் மொத்த எடை பல மடங்கு சரிந்துவிட்டதாக 2018-இல் எழுதினார். வெப்பநிலை உயர்வே காரணம் என்றார். உலக நாளிதழ்கள் இதைப் பெரிதாக வெளியிட்டன.

அதே காட்டில் ஆண்டுதோறும் அளந்துவந்த வேறு குழுவினர் இதை ஏற்கவில்லை. 1989-இல் ஹ்யூகோ, 1998-இல் ஜார்ஜஸ் எனப் புயல்கள் அக்காட்டைச் சிதைத்திருந்தன. பூச்சிகளின் ஏற்ற இறக்கம் புயலுக்குப் பின் காடு மீளும் கட்டங்களோடு ஒத்துப்போகிறது. தொடர்ச்சியான சரிவு இல்லை என்று 2021-இல் அவர்கள் காட்டினர். இரண்டு புள்ளிகளை இணைத்து ஒரு கோடு வரைந்துவிடலாம். இடையில் என்ன நடந்தது என்பதைத் தொடர் கணக்கெடுப்புத்தான் சொல்லும்.

ஆய்வு நடைபெறும் இடங்கள்

பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம் இவற்றுள் முதன்மையானது. பனாமா கால்வாய்க்காக ஆற்றைத் தேக்கியபோது ஒரு குன்று தீவாக மாறியது. அதுவே பாரோ கொலராடோ தீவு. 1920களிலிருந்து அங்கு ஆய்வு நடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் 50 ஹெக்டேர் நிலப்பகுதியில் விரல் பருமனுள்ள மரக்கன்று வரை எண்ணிக் குறிக்கத் தொடங்கினர். பின்னர் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி, எறும்பு, கறையான் போன்ற குழுக்களின் தொடர் கணக்கெடுப்பும் சேர்ந்தது. புதிதாக வரும் ஆய்வாளர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது முன்பே தெரியும். இந்நிறுவனம் டப்பர் பெயரில் மூன்றாண்டு ஆய்வு நல்கை வழங்குகிறது.

பப்புவா நியூகினியின் மடாங் நகருக்கு அருகே பினாடாங் ஆய்வு மையம் உள்ளது. அந்நாட்டின் டோக் பிசின் மொழியில் 'பினாடாங்' என்றால் பூச்சி. (மலேசியத் தமிழருக்கு இது விலங்கு என்ற பொருளில் பழகிய மலாய்ச் சொல்.) செக் நாட்டின் செஸ்கே புடேயோவிட்சே நகரிலுள்ள பூச்சியியல் நிறுவனத்தோடு இது இணைந்து இயங்குகிறது. உள்ளூர் இளைஞர்களுக்குப் பூச்சிகளைப் பிடிக்கவும் வளர்க்கவும் வகைப்படுத்தவும் பயிற்சி கொடுத்து ஆய்வில் சேர்த்துக்கொண்டது இம்மையத்தின் சிறப்பு. மரத்தின் உள்ளூர்ப் பெயரையும் அது பூக்கும் காலத்தையும் அவர்கள் அறிவார்கள்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய இடம் உண்டு. முதுமலைக் காட்டில் 1988 முதல் இந்திய அறிவியல் கழகம் 50 ஹெக்டேரில் மரங்களைக் கணக்கெடுத்து வருகிறது. பாரோ கொலராடோ அடங்கிய உலக வலையமைப்பில் இதுவும் ஓர் உறுப்பு. விதைகளைத் துளைக்கும் வண்டுகள், தேக்கிலையை அரிக்கும் புழுக்கள் போன்றவற்றை ஆராய நினைப்பவருக்கு இத்தரவு பெரிய துணை.

பணியும் உதவித்தொகையும்

களப்பணி என்றதும் வலையும் காடும் நினைவுக்கு வரும். விளக்குப் பொறியில் ஓர் இரவில் விழுவதைப் பிரிக்கவே பல நாள் பிடிக்கும். பெயர் இடப்படாத இனங்களே மிகுதி என்பதால் அவற்றுக்குத் தற்காலிக எண் கொடுத்து வைக்கின்றனர். ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டை வாசித்து இனம் பிரிக்கும் முறையும் பரவிவிட்டது. ஆகவே புள்ளியியலும் கணினி நிரலும் அறிந்தவரையே ஆய்வுக்கூடங்கள் விரும்புகின்றன. வகைப்பாட்டியலை முறையாகக் கற்றவர் குறைந்துவருவதால் அவருக்கும் தேவை மிகுதி. இரண்டும் கைவந்தவர் எளிதில் கிடைப்பதில்லை.

வாய்ப்புகள் இருவகை. ஒன்று, பேராசிரியர் ஒருவர் தம் திட்ட நிதியிலிருந்து ஆள் எடுப்பது. மற்றொன்று, ஆய்வாளரே தம் திட்டத்தை எழுதி நல்கை பெறுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி நல்கைக்கு இந்தியரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்ற பின் ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக் கூடாது. செல்லவிருக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவும் கூடாது. இந்திய அரசின் தேசிய நல்கை இரண்டாண்டுக்கானது. அதற்கு வயது வரம்பு உண்டு.

பலர் கவனிக்கத் தவறுவது அனுமதி. பூச்சிதானே என்று எந்தக் காட்டிலும் பிடித்துவிட முடியாது. இந்தியாவில் காப்பகக் காடுகளுக்கு மாநில வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். சில வண்ணத்துப்பூச்சிகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலேயே உள்ளன. அயல்நாட்டவர் இந்திய உயிரினங்களை ஆய்வுக்குப் பெற, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. பிற வெப்பமண்டல நாடுகளிலும் இதுபோன்ற விதிகள் உண்டு. ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் ஒரு மழைக்காலமே அதில் போய்விடக்கூடும். எனவே பணியை ஏற்குமுன், களத்திற்கான அனுமதி ஏற்கெனவே கையில் உள்ளதா, சேகரித்த மாதிரிகள் எந்த நாட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் என்ற இரண்டையும் ஆய்வுக்கூடத் தலைவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.