உங்களுக்குத் தெரியுமா? வெள்ளி ரூபாய் வரிசை

● ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி.

● 1911-ல் வந்த முதல் நாணயத்தில், மன்னரின் அங்கியில் இருந்த யானை பலருக்குப் பன்றிபோலத் தெரிந்தது. எதிர்ப்பு எழவே, 1912-ல் யானையைத் தெளிவாகத் திருத்திச் செதுக்கினார்கள். 'பன்றி ரூபாய்' என்று பெயர் பெற்ற அந்த 1911 நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

● ஆண்டுக்கு ஒன்று கிடைத்தால் வரிசை முடிந்துவிடாது. 1912 முதலான நாணயங்களின் பின்புறம், ஆண்டுக்குக் கீழே உள்ள தாமரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதனடியில் சிறு புள்ளி இருந்தால் பம்பாய் நாணயச்சாலை, இல்லையென்றால் கல்கத்தா.

● ஆறாம் ஜார்ஜ் வரிசையில் 1939 ரூபாய் மிக அரிது. 1940-லிருந்து வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. 1947-ல் நிக்கல் வந்தது.

● அரிய ஆண்டுகளில் போலிகள் அதிகம். அவசரப்படாமல் எடை பார்த்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டி வாங்குங்கள். புளி, பற்பொடி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்! காலம் படியவைத்த கருமையே நாணயத்தின் மதிப்பைக் காக்கிறது.