கடைக்கு ஓர் இலவச இணையதளம்: சாவி யார் கையில்?



உத்திரமேரூர் போன்ற ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இணையதளம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கடைத்தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வந்தவாசிப் பக்கமிருந்தோ செங்கல்பட்டுப் பக்கமிருந்தோ வருகிறவர், கிளம்புமுன் செல்போனில் தேடிப் பார்க்கிறார். கடை எங்கே இருக்கிறது? ஜும்ஆ நேரத்தில் திறந்திருக்குமா? தையல் கூலி எவ்வளவு? பதில் கிடைக்காவிட்டால் நேராகக் காஞ்சிபுரம் போய்விடுகிறார்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரே ஒரு பக்கம் போதும். அதற்குக் காசு தேவையில்லை. ஆனால் 'இலவசம்' என்றால் என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கொடுத்தவரே நிறுத்தினார்

2017 ஜனவரியில் டெல்லி வந்த கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை, இந்தியாவின் சிறு வியாபாரிகளுக்காக ஓர் இலவச இணையதள வசதியை அறிவித்தார். கடையின் பெயர், முகவரி, படங்களைச் செல்போனிலேயே கொடுத்தால் சில நிமிடங்களில் தளம் தயார். 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும் முகவரியும் கிடைத்தது.

2024 மார்ச்சில் கூகுள் அந்த வசதியை மூடியது. அந்த முகவரிக்குப் போனவர்கள் 2024 ஜூன் 10 வரை கடையின் கூகுள் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அதன் பிறகு அதுவும் நின்றது. பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் பெயர்ப் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்களுக்கு, அது எங்கும் போய்ச் சேராத முகவரியாகிவிட்டது.

பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிய குடவோலை விதிகளை 1,100 ஆண்டுகள் கழித்தும் நம் ஊரில் படிக்க முடிகிறது. இந்த இலவசத் தளங்களுக்கோ ஏழு ஆண்டுகள்தான் ஆயுள். இதில் மோசடி எதுவும் இல்லை. இலவசத் தளம் என்பது அடுத்தவர் திண்ணையில் கடை போடுவது போன்றது. உட்காரலாம், வியாபாரம் செய்யலாம். திண்ணை நமக்குச் சொந்தமில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

எப்படி அமைப்பது?

இன்றும் எளிதாகக் கிடைப்பது 'கூகுள் சைட்ஸ்'. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். செல்போனைவிடக் கணினியில் செய்வது எளிது.

1. முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: கடையின் பெயர், என்ன விற்கிறோம், விலை விவரம், நேரம், விடுமுறை நாள், போன் எண், வழி. வேலையில் பாதி இதுதான்.

2. கடையின் முகப்பு, பொருட்கள் என நான்கைந்து படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இணையத்திலிருந்து வேறு யாருடைய படத்தையும் எடுத்துப் போடாதீர்கள்.

3. 'சைட்ஸ் டாட் கூகுள் டாட் காம்' சென்று புதிய தளத்தைத் திறந்து, எழுத்து, படம், மேப் ஆகியவற்றை அதனதன் இடத்தில் சேருங்கள். தமிழிலேயே எழுதலாம்.

4. வாட்ஸ்அப் பட்டன் ஒன்று வையுங்கள். 'டபிள்யூஏ டாட் மீ' என்ற முகவரிக்குப் பின் சாய்கோடு இட்டு, 91 சேர்த்து உங்கள் எண்ணைக் கொடுத்தால், தொட்டவுடன் உங்களுடன் உரையாடல் திறக்கும்.

5. 'பப்ளிஷ்' அழுத்தி, சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர் கொடுங்கள். எல்லோரும் பார்க்கலாம் என்று இருக்கிறதா எனச் சரிபாருங்கள்.

'வேர்ட்பிரஸ் டாட் காம்' தளத்திலும் இலவசமாக அமைக்கலாம். ஆனால் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரங்கள் வரும். எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. வட்டிக் கடன் விளம்பரம் நம் கடைப் பெயருக்குக் கீழே வருவதை நாம் விரும்ப மாட்டோம். கூகுள் சைட்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

சாவி உங்களிடம் இருக்கட்டும்

தெரிந்த பையன் ஒருவன் தன் ஜிமெயிலில் தளத்தை அமைத்துக் கொடுப்பான். பிறகு வெளிநாடு போய்விடுவான், அல்லது பாஸ்வேர்டை மறந்துவிடுவான். போன் எண் மாறினால்கூடத் திருத்த முடியாமல் போகும். எனவே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணுடன் இருக்கட்டும். உதவிக்கு யாரையும் வைத்துக்கொள்ளலாம். ஓடிபியை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கும் விதி கூகுளில் உண்டு. மாதம் ஒருமுறையாவது திறந்து, விலையும் நேரமும் சரியா என்று பாருங்கள். எழுதியவற்றையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் வைத்திருந்தால், ஒரு திண்ணை போனாலும் மறுநாளே இன்னொன்றில் உட்காரலாம். பலகையில் இலவச முகவரியை எழுதாமல் போன் எண்ணை எழுதுங்கள். வியாபாரம் வளர்ந்தபின் சொந்தப் பெயரில் 'டாட் இன்' முகவரி வாங்கி, அதை இதே தளத்துடன் இணைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து தையலோ மசாலாவோ செய்யும் சகோதரிகள் வீட்டு முகவரியையும் குடும்பப் படங்களையும் போட வேண்டியதில்லை. ஊர்ப் பெயரும், வியாபாரத்துக்கென்று தனி எண்ணும் போதும். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணைத் தளத்தில் காட்டுவது நம்பிக்கை தரும்.

ஈரத்தை மேலே வையுங்கள்

கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது.

நெல் விளையும் பகுதியில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் வாங்குபவர் கையை விட்டுப் பார்க்கலாம், இணையதளத்தில் முடியாது. அவர் நம்பியிருப்பது நாம் எழுதும் வார்த்தையையும் போடும் படத்தையும்தான். சாயம் போகும் துணியென்றால் அப்படியே எழுதுங்கள். டெலிவரிக்குத் தனிக் கட்டணம் என்றால் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லுங்கள். 'நம்பர் 1' என்று நாமே போட்டுக்கொள்வதும், உறவினர்களை வைத்துப் பொய்யான பாராட்டு எழுதுவதும் வேண்டாம்.

தளம் அடுத்தவருடையதாக இருக்கலாம். அதில் எழுதும் சொல்லுக்கு நாம்தான் பொறுப்பு. நம் வியாபாரங்களில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.